வன்னி நாட்டின் வழிபாடும் வானநோக்கும்

கடிகாரமும் அச்சிட்ட நாட்காட்டியும் வீடுதோறும் புகுவதற்கு முன், மனிதனுக்குக் காலத்தை அறிவித்த கருவி வானம் ஒன்றே. பகலிற் சூரியனின் நிழலையும் இரவிற் சந்திரனையும் விண்மீன்களையும் நோக்கியே அவன் உழுதான், விதைத்தான், அறுத்தான், தெய்வத்துக்குப் பொங்கினான். ஆதலின், பழைய மக்களின் வழிபாட்டை ஆராயப் புகுவோர் அவர்களுடைய வானநோக்கையும் உடன்வைத்து ஆராய்தல் வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றை விளக்குதல் இயலாது.

ஐரோப்பியர் கிறித்தவத்துக்கு முற்பட்ட தம் முன்னோரின் தெய்வ வழிபாட்டைக் குறிக்க வழங்கும் சொல், 'பாகானுஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழியே வந்தது. அச்சொல்லுக்கு முதற்பொருள் நாட்டுப்புறத்தான் என்பதாகும். நகரத்து மாந்தர் புதுநெறியை மேற்கொண்ட பின்னரும், வயலையும் காட்டையும் நம்பி வாழ்ந்தவர்கள் மண்ணோடும் மழையோடும் ஒட்டிய பழந்தெய்வங்களைக் கைவிடவில்லை. நம் நாட்டில் இவ்விரு நெறிகளும் பகை கொள்ளவில்லை. ஆகமமுறைக் கோயிலுக்கு அணித்தே, வேப்பமர நிழலில் நாட்டிய சூலமும், குளக்கட்டில் அமர்ந்த ஐயனாரும், புற்றடியில் உறையும் நாகதம்பிரானும் இன்றும் பூசை கொள்கின்றனர். இவ்வகை வழிபாடு செறிந்து விளங்கும் நிலங்களுள் ஒன்று, ஆனையிறவுக்குத் தெற்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எனப் பரந்து கிடக்கும் வன்னிப் பெருநிலம். இந்நிலத்தின் குடிகள், குளங்கள், வழக்கங்கள் ஆகியவற்றைத் தொகுத்து ஆங்கில ஆட்சி அலுவலர் ஜே. பி. லூயிஸ் 1895ஆம் ஆண்டில் ஒரு கைந்நூல் வெளியிட்டார். ஆயினும் அந்நிலத்தின் இரவு வானத்தைப் பற்றித் தனியே எழுதியோர் மிகச் சிலரே.

வற்றாப்பளைப் பொங்கல்

வன்னி வழிபாடுகளுள் தலையாயது முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிற் பொங்கல் ஆகும். நந்திக்கடல் என்னும் களப்பின் கரையில் அமைந்த இக்கோயிலில் ஆண்டுதோறும் வைகாசி மாதத்தில், முழுநிலவை ஒட்டிய திங்கட்கிழமையில் வைகாசி விசாகப் பொங்கல் நிகழ்கின்றது. வன்னியினின்று மட்டுமன்றி, யாழ்ப்பாணத்தினின்றும் கீழ்மாகாணத்தினின்றும் அடியவர் திரளாகச் செல்வர்.

கோயிலின் தோற்றம் பற்றி வழங்கும் கதை எளியது. மதுரையை எரித்த கண்ணகி சினம் ஆறாதவளாய்த் தென்றிசை நோக்கி வந்து, இலங்கையிற் பல இடங்களிலே தங்கினாள். பத்தாவதாகத் தங்கிய இடம் ஆதலின் 'பத்தாம் பளை' எனப்பட்டு, அது பின்னர் வற்றாப்பளை என மருவிற்று என்பர். அங்கே ஒரு மூதாட்டியின் உருவில் இருந்த அவளை மாடு மேய்க்கும் சிறுவர் கண்டனர். பசித்தவளுக்குப் புக்கை பொங்கிக் கொடுக்க முயன்றனர். பொழுது சாய்ந்தது. விளக்கேற்ற எண்ணெய் இல்லை. "கடல்நீரை எடுத்து விளக்கில் வாருங்கள்" என்றாள் கிழவி. அவ்வாறே செய்ய, விளக்கு எரிந்தது. பின்னர்த் தன் தலையைப் பார்க்குமாறு ஒரு சிறுவனை அவள் கேட்டாள். மயிரை வகிர்ந்து பார்த்தவன் தலை நிறையக் கண்கள் இருக்கக் கண்டு திகைத்தான். ஆண்டுதோறும் வைகாசியில் வருவேன் என்று கூறி அவள் மறைந்தாள்.

இக்கதையின் நினைவாகவே உப்புநீரில் விளக்கெரித்தல் என்னும் சடங்கு நிகழ்கின்றது. பொங்கலுக்கு முந்திய திங்கட்கிழமை முல்லைத்தீவுக் கடற்கரையில் தீர்த்தம் எடுக்கப்படுகின்றது. அத்தீர்த்தம் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே விளக்கு ஏற்றப்படுகின்றது. ஒரு கிழமை கழிந்தபின் விளக்கும் மடைப்பண்டங்களும் ஊர்வலமாக வற்றாப்பளையை அடைகின்றன. கடல்நீரில் விளக்கு எரிதலை அடியவர் அம்மனின் அருளாகப் போற்றுவர்.

இச்சடங்கின் கால அமைப்பே இங்கு நோக்கத்தக்கது. தீர்த்தம் எடுக்கும் நாளுக்கும் பொங்கல் நாளுக்கும் இடையே ஏழு நாள் உண்டு. வளர்பிறையின் அரைமதி முழுமதியாவதற்கும் ஏறத்தாழ ஏழு நாளே வேண்டும். திங்கட்கிழமை என்ற கட்டுப்பாட்டால் ஆண்டுக்கு ஆண்டு இரண்டொரு நாள் முன்பின்னாக நேரினும், கடற்கரையில் தீர்த்தம் எடுக்கும் மாலையில் பாதிமதியளவில் தோன்றும் சந்திரன், முள்ளியவளையில் விளக்கெரியும் நாள்களில் ஒவ்வோர் இரவும் வளர்ந்து, பொங்கலன்று முழுமையை அடுத்து நிற்கின்றது. விளக்கும் நிலவும் ஒருங்கே காக்கப்பட்டு வளர்வது போன்ற இவ்வமைப்பு பஞ்சாங்கம் அறியாத சிறுவனுக்கும் விளங்கும். நாளின் பெயராகிய திங்களும் நிலவின் பெயராகிய திங்களும் ஒரே சொல்லாய் இருத்தலும் கருதத்தக்கது.

முழுமதி இரவு தெரிந்தெடுக்கப்பட்டதற்குச் சமயக் காரணத்தோடு வாழ்க்கைக் காரணமும் இருந்திருத்தல் வேண்டும். வன்னி காடு சூழ்ந்த நாடு. யானையும் கரடியும் பாம்பும் வழங்கும் பாதைகளில் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் பல கட்டை தூரம் வருபவர்க்கு, அந்தி முதல் விடியல்வரை அணையாது எரியும் விளக்கு முழுமதி ஒன்றே. கிளிநொச்சி மாவட்டத்துப் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிற் பொங்கல் பங்குனி உத்தரத்தை ஒட்டியும், வற்றாப்பளைப் பொங்கல் வைகாசி விசாகத்தை ஒட்டியும் அமைந்திருத்தல் காண்க. இரண்டும் மழையற்ற காலம். பெரும்போக அறுவடை முடிந்து, அடுத்த விதைப்புத் தொடங்குமுன் கமக்காரனுக்குக் கையிற் பொருளும் ஓய்வும் உள்ள காலம்.

மாதமும் மீனும்

வைகாசியில் விசாகம், பங்குனியில் உத்தரம், தையில் பூசம், கார்த்திகையில் கார்த்திகை என மாதத்துக்கு ஒரு மீன் சிறப்புறுவது ஏன் என மாணவர் வினவுவர். விடை எளிதே. முழுமதி நாளிற் சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கின்றது. வைகாசியிற் சூரியன் இடபராசியில் நிற்பதால், முழுமதி அதற்கு எதிரான துலா, விருச்சிக ராசிகளின் எல்லையை அடைகின்றது. அவ்வெல்லையில் உள்ள மீனே விசாகம். கார்த்திகையில் நிலை தலைகீழாகின்றது. சூரியன் விருச்சிகத்தில் நிற்க, முழுமதி இடபத்தின் பக்கத்தே கார்த்திகை மீனை அடைகின்றது. எனவே விசாகமும் கார்த்திகையும் வான வட்டத்தில் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று எதிரானவை. ஒன்று எழும்போது மற்றொன்று விழும். ஒன்றன் மாதத்தில் மற்றொன்று சூரிய ஒளியில் மறையும். வைகாசிப் பொங்கல் இரவில் கார்த்திகை மீனை எவரும் காண இயலாது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. விழாவுக்குப் பெயர் தந்த விசாகம் மங்கிய மீன்களால் ஆனது. முழுமதியின் ஒளியில் அது முற்றும் மறைந்துவிடும். வற்றாப்பளை மணலில் இரவு முழுவதும் விழித்திருக்கும் அடியவர் பலர் விசாக மீனைத் தம் வாழ்நாளில் தனித்துக் கண்டிருக்கமாட்டார். மீனைக் கொண்டு நிலவின் இடத்தை அறிவது கணிதர் முறை. நிலவைக் கொண்டு மீனின் இடத்தை அறிவது ஊரார் முறை.

கண்ணகியின் கதையே விண்மீன்களோடு பின்னிக் கிடக்கின்றது. சிலப்பதிகாரத்தில் அவளது திருமணம் சந்திரன் உரோகிணியைச் சேர்ந்த நாளில் நிகழ்கின்றது. மதுரை எரியுண்ட நாளோ, ஆடித் தேய்பிறை அட்டமி, கார்த்திகை மீன், வெள்ளிக்கிழமை எனக் குறிக்கப்படுகின்றது. இக்குறிப்பு வானத்தோடு ஒத்ததே. ஆடி முழுமதிக்குப் பின் ஏழெட்டு நாளிற் சந்திரன் வானின் காற்பங்கைக் கடந்து கார்த்திகையை அடையும். அன்றிரவு நிலவு எழ நள்ளிரவாகும். இந்நாளைக் கணித்துக் காவியத்தின் காலத்தை அறியலாம் எனக் கருதிய எல். டி. சுவாமிக்கண்ணுப்பிள்ளை கி.பி. 756ஆம் ஆண்டு என முடிவு கூறினார். அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. திதியும் மீனும் கிழமையும் ஒன்றுசேர்தல் பல ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் நேர்வதாகலின், அதுமட்டும் கொண்டு ஆண்டை நிறுவுதல் அரிது என்க.

பொங்கல் இரவின் வானம்

வைகாசி முற்பகுதியில் இரவு ஒன்பது மணியளவில் நந்திக்கடற் கரையில் நிற்பவன் காணும் வானம் இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் வாய்த்த பெரும்பேறாகும். வன்னி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பது பாகையில் அமைந்தது. ஆகவே துருவமீன் வடவானில் ஒன்பது பாகை உயரத்திலேயே நிற்கும். காட்டினுள் நிற்பவனுக்கு மரமுடிகள் அதனை மறைத்துவிடும். களப்பின் கரையிலோ, அகன்ற குளத்தின் கட்டிலோ நின்றால் மட்டுமே அது புலனாகும். அத்தகைய திறந்த அடிவானம் வாய்த்த குளக்கட்டே ஐயனாரின் இருப்பிடமாகவும் அமைந்திருத்தல் இனிய பொருத்தமாகும்.

அந்நேரத்தில் வடக்கே ஏழு முனிவர் மண்டலம் உச்சத்தை அணுகி நிற்கும். தெற்கே, நாலு மீன்களால் ஆகிய தென்சிலுவை அடிவானத்துக்கு மேல் இருபது பாகையளவில் நிமிர்ந்து நிற்கும். நம்மவர் திரிசங்குவோடு தொடர்புறுத்துவது இதனையே. இவ்விரண்டையும் ஒரே நேரத்தில் வடக்கும் தெற்குமாகக் காண்பது இலண்டனில் வாழ்பவனுக்கு இயலாது. அவனுக்குத் தென்சிலுவை என்றுமே தோன்றாது. தலைக்கு மேலே செம்பொன் நிறத்துச் சோதி மீனும், சற்றே தெற்கில் வெண்ணிறச் சித்திரையும், தென்கிழக்கில் நிலவுக்கு அணித்தாகச் செந்நிறக் கேட்டையும் நிலவொளியையும் மீறித் துலங்கும்.

ஏழு முனிவர் மண்டலத்தின் வாலில், நுனியிலிருந்து இரண்டாவது மீன் வசிட்டன். அதனை ஒட்டி நுண்ணிதாய் மின்னுவது அருந்ததி. சங்கச் சான்றோர் வடமீன் என்றும், இளங்கோவடிகள் சாலி என்றும் குறித்தது இதனையே. கற்பின் அடையாளமாகிய அம்மீன் இரவு பத்து மணியளவில் வடவானில் உச்சங் கொள்ளும் பருவத்திலேயே, கற்பின் தெய்வத்துக்குப் பொங்கல் நிகழ்கின்றது. இது திட்டமிட்ட ஒப்பு என நிறுவச் சான்றில்லை. ஆயினும் பொங்கலுக்குச் சென்றவர் தலைநிமிர்ந்தால் காணக்கூடியது அதுவே. இன்று மணமண்டபங்களில் நண்பகலில் கூரையைச் சுட்டி அருந்ததி காட்டப்படுகின்றது. மணமக்களும் தலையசைத்துக் கண்டதாகக் கொள்கின்றனர். சடங்கு எஞ்சியிருக்க நோக்கு மறைந்தமைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

காவற்பரணின் நாழிகை

வழிபாட்டினும் மிகுதியாக வானத்தை நாடியது வயற்காவல். நெற்கதிர் முற்றும் மார்கழி, தை மாதங்களில் யானையும் பன்றியும் வயலில் இறங்காதபடி இரவு முழுவதும் காத்தல் வேண்டும். பரணில் இருப்பவன் எப்போது மற்றவனை எழுப்புவது, எப்போது தான் கண்ணயர்வது என்பதை எதனால் அறிவான்? மீன்கள் நாள்தோறும் முந்திய நாளினும் நாலு நிமிடம் முன்னதாக எழுகின்றன. ஒரு மாதத்தில் இது இரண்டு மணியாகின்றது. இருபத்தேழு மீன்களும் அறுபது நாழிகையில் ஒரு சுற்றுச் சுற்றுவதால், ஒரு மீன் உச்சத்தைக் கடந்தபின் அடுத்தது வர ஏறத்தாழ இரண்டேகால் நாழிகை செல்லும். நம் நாட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணியளவே ஆகலின், இக்கணக்கு எக்காலத்தும் பெரிதும் பிழைபடாது.

சனவரித் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். இரவு ஒன்பது மணியளவில் கார்த்திகை மீன்கூட்டம் தலைக்கு மேல் நிற்கும். பத்தரை மணிக்குப் பின் மிருகசீரிடத்தை அடுத்த மூன்று மீன் வரிசை உச்சி கடக்கும். நள்ளிரவை அடுத்து வானத்து மீன்கள் அனைத்திலும் ஒளிமிக்க சிரியசு உச்சங் கொள்ளும். பின்னிரவு மூன்று மணி கடந்து கார்த்திகை மேற்கே விழும். நாலு மணியளவில் தேளின் நெஞ்சாகிய கேட்டை கிழக்கே எழும். கார்த்திகை விழுந்து தேள் எழுந்ததென்றால் விடியலுக்கு இரண்டு மணியே உண்டு. இதற்கு எண்ணும் எழுத்தும் வேண்டா. கண்ணும் பழக்கமும் போதும்.

விதைப்புக்கும் இதே மீன்கூட்டம் குறியாக நிற்கவல்லது. வன்னிக்கு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் சனவரி வரையிலேயே கிடைக்கின்றது. மழைக்கு முன் புழுதியில் விதைத்தல் மானாவாரிக் கமத்தின் உயிர்நிலை. ஐப்பசித் தொடக்கத்தில் கார்த்திகை இரவு எட்டு மணியளவில் கிழக்கே எழுகின்றது. கார்த்திகை மாதத் தொடக்கத்தில் அந்தியிலேயே எழுகின்றது. முன்னையது மழை அணித்து என்பதற்கும் பின்னையது மழை முதிர்ந்தது என்பதற்கும் அடையாளம். கிரேக்கப் புலவர் எசியோட்டு இதே மீன்கூட்டத்தின் தோற்றத்தை அறுவடைக்கும் மறைவை உழவுக்கும் குறியாகக் கூறியுள்ளார். நியூசிலாந்தின் மவோரியர் இதனை மத்தாரிக்கி என அழைத்து, நடுக்குளிர்கால விடியலில் அது மீண்டும் தோன்றுங்கால் இறந்தோரை நினைந்து புத்தாண்டு கொண்டாடுவர். 2022ஆம் ஆண்டு முதல் அந்நாட்டரசு அதனைப் பொது விடுமுறையாக்கியது. ஒரே மீன்கூட்டம், மூன்று நிலங்கள், மூன்று வேறு பருவங்கள். மீன் பருவத்தை உண்டாக்குவதில்லை, அறிவிக்கமட்டும் செய்கின்றது என்பதற்கு இதுவே சான்று.

கார்த்திகை விளக்கீடு இப்பின்னணியில் புதுப்பொருள் பெறுகின்றது. வாயிலில் வாழைக்குற்றி நாட்டி விளக்கேற்றுவதும், கிணற்றடியிலும் மாட்டுக்கொட்டிலிலும் தோட்டத்திலும் பந்தம் வைப்பதும் வடபுலத்து வழக்கம். அப்பருவத்து வானம் பெரும்பாலும் மேகம் மூடியது. முழுமதியும் அறுமீனும் மறைந்திருக்கும் இரவில், வானத்து விளக்குக்கு ஈடாக மண்ணில் விளக்கு வைக்கப்படுகின்றது.

ஒப்புவனவும் ஒவ்வாதனவும்

இவ்வாறு கூறுவதால் வானம் பற்றிய பழைய எண்ணங்கள் அனைத்தும் உண்மை எனக் கொள்ளுதல் தகாது. மீன்கள் காலத்தை அறிவிக்கும் என்பது ஒன்று. அவை நன்மை தீமைகளை விளைவிக்கும் என்பது வேறொன்று. முன்னதை எவரும் எந்த இரவிலும் சோதித்தறியலாம். பின்னது சோதனைக்கு நிற்பதில்லை.

வெள்ளிக்கோள் தெற்கே சென்றால் மழை குன்றும் என்ற எண்ணம் சங்கச் செய்யுள்களிலேயே காணப்படுகின்றது. ஆனால் வெள்ளி சூரியனை விட்டு நெடுந்தூரம் விலகாத கோள். சூரியனைப் போன்றே அதுவும் வடக்கும் தெற்குமாக இயங்கும். தெற்கே செல்லாத ஆண்டே இல்லை. மழை குறைவதும் மிகுவதும் இந்துமாக்கடல், பசிபிக்மாக்கடல் நீரின் வெப்பநிலையோடும் காற்றோட்டத்தோடும் தொடர்புடையன. 2018ஆம் ஆண்டு டிசெம்பரில் பெருமழையால் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் ஆழ்ந்தன. அவ்வெள்ளத்தை எந்த மீனும் முன்னறிவிக்கவில்லை. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையை அழித்த ஆழிப்பேரலை பூரணை நாளில் வந்தது. அதனால் நிலவின்மேற் பழி சுமத்தியோரும் உண்டு. அதன் காரணம் சுமாத்திராவை அடுத்த கடலடி நிலநடுக்கமே. பூரணையிலும் அமாவாசையிலும் கடல் ஏற்றம் மிகுவது உண்மை. ஆயினும் நம் கரைகளில் அவ்வேற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைந்ததாகும்.

பஞ்சாங்கத்தின் வரலாறும் இப்படிப்பினையையே தருகின்றது. வாக்கிய முறை, திருக்கணித முறை என்னும் இரண்டும் யாழ்ப்பாணத்தில் நிலவுவதையும், அவற்றிடையே திதியும் நாழிகையும் சில வேளை வேறுபடுவதையும் யாவரும் அறிவர். வாக்கியம் பழைய அட்டவணைகளைக் காப்பது. திருக்கணிதம் வானத்தில் இன்று காண்பதோடு கணக்கைப் பொருத்துவது. சென்னை வானிலையத்திற் பணிபுரிந்து, 1867ஆம் ஆண்டில் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார், கண்ணாற் காண்பதோடு பொருந்தும் பஞ்சாங்கமே வேண்டும் என வற்புறுத்தியவர். யாழ்ப்பாணத்திலோ, வட்டுக்கோட்டைக் குருமடத்தைச் சேர்ந்த ஹொய்சிங்டன் 1848ஆம் ஆண்டில் தமிழ்ச் சோதிட நூன்முறையை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். இரு சாராரும் இறுதியில் தலைவணங்க வேண்டிய நீதிமன்றம் வானமே. 2010 சனவரி 15இலும் 2019 டிசெம்பர் 26இலும் வட இலங்கையிற் கங்கண சூரிய கிரகணம் தோன்றியபோது, கணிப்பு எவ்வளவு நுணுக்கமுற்றுள்ளது என்பதை மக்கள் தக்க கண்ணாடியூடே தாமே கண்டறிந்தனர்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. புவியின் அச்சு மெல்லச் சுழல்வதால், மீன்களுக்கும் பருவங்களுக்கும் இடையிலுள்ள பொருத்தம் ஏறத்தாழ எழுபத்திரண்டு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நழுவுகின்றது. பகலும் இரவும் ஒத்த நாள் மார்ச் 20 அல்லது 21இல் நேர, நமது மேடப்பிறப்பு ஏப்பிரல் 14இல் நிகழ்வது இதனாலேயே. மேகநாத சாகா தலைமையிற் கூடிய இந்திய நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, 1955ஆம் ஆண்டு அறிக்கையில் இவ்வழுவைத் தெளிவாக எடுத்துக்காட்டிற்று. ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த வன்னிக் கமக்காரனுக்குக் கார்த்திகை மீன் காட்டிய பருவம் இன்றுள்ளதினும் இரண்டு கிழமை வேறுபட்டிருக்கும். தந்தையிடமிருந்து மகன் கற்கும் அறிவுக்கு இவ்வழு புலப்படாது. நூறு தலைமுறை அறிவைத் திருத்தாது காப்பவர்க்கு அது பெரும்பிழையாகும். ஆகவே மரபைப் போற்றுவோர் ஒவ்வொரு தலைமுறையிலும் மீண்டும் வானத்தை நோக்கியே அதனைப் போற்றுதல் வேண்டும்.

இருளும் ஒளியும்

இம்மரபு இன்று எந்நிலையில் உள்ளது? வன்னியின் பெரும்பகுதியில் 1990ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மின்வழங்கல் இருக்கவில்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கிற் படித்தனர். அவர்களது இரவுகள் கலப்பற்ற இருளுடையன. பால்வீதி தெளிந்து கிடந்தது. ஆனால் அவர்கள் வானத்தை நோக்கியது விண்மீனை எண்ணுவதற்காக மட்டுமன்று. போர்விமானத்தின் ஒலி கேட்டே பலகாலும் நோக்கினர். நிலவொளி முன்னோர்க்கு வழித்துணையாய் இருந்தது; அவர்களுக்கோ ஒளியென்றாலே அச்சமாயிற்று. 2009ஆம் ஆண்டில் போர் முடிவுற்ற இடம் நந்திக்கடலின் மறுகரையாகும். வானத்தையும் நிலத்தையும் அறிந்த முதியவர் பலர் அக்காலத்தில் மாண்டனர். எஞ்சியோர் ஊர்விட்டு ஊர் பெயர்ந்து முகாம்களில் வாழ்ந்தனர். மரபு கண்ணறுந்த இடம் அதுவே.

மக்கள் மீண்டு குடியேறினர். பொங்கல் மீண்டும் நிகழ்கின்றது. உப்புநீரில் விளக்கு எரிகின்றது. மின்விளக்கும் வந்தது, அது வேண்டப்படும் நன்மையே. இப்போது காலபோகத்துக்கு விதைக்கும் நாளையும் நீர் திறக்கும் நாளையும் கமக்காரரும் அலுவலரும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டம் முடிவு செய்கின்றது. நேரத்தைக் கைத்தொலைபேசி காட்டுகின்றது. எனவே மீன் பார்க்க வேண்டிய தேவை எவர்க்கும் இல்லை. தேவை நீங்கிய அறிவு, கற்பிப்பார் இல்லையேல், ஒரு தலைமுறைக்குள் அழியும். சடங்கு மட்டும் எஞ்சி, அதன் பொருளைத் தாங்கிய நோக்கு அழியுமாயின், நாளை பொங்கலுக்குச் செல்லும் பிள்ளை ஏன் வைகாசி, ஏன் முழுமதி, ஏன் ஏழு நாள் என வினவும்போது, பஞ்சாங்கத்தில் அவ்வாறு உள்ளது என்ற விடையே கிடைக்கும். அது விடையன்று.

இவ்வழிவைத் தடுப்பதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. தீர்த்தம் எடுக்கும் நாள்முதல் பொங்கல்வரை ஒவ்வோர் இரவும் நிலவின் வடிவத்தையும் இடத்தையும் மாணவர் வரைந்து வைக்கலாம். ஐப்பசியிற் கார்த்திகை எழும் நேரத்தைக் குளக்கட்டில் நின்று குறித்து, மழை தொடங்கிய நாளோடு ஆண்டுதோறும் ஒப்பிடலாம். பரணிற் காத்த முதியோர் விண்மீன்களை எப்பெயரால் அழைத்தனர் என்பதை அவர் வாய்ச்சொல்லாகவே எழுதி வைக்கலாம். முதலிரண்டும் அடுத்த ஆண்டிலும் செய்யத்தக்கன. மூன்றாவதற்குக் காலம் குறுகிவிட்டது. அப்பெயர்களை அறிந்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

தெய்வம் வைகாசியில் வருவேன் என்று கூறிச் சென்றதாகக் கதை சொல்லும். அவ்வைகாசி வந்ததை அக்காலத்து இடைச்சிறுவர்க்கு அறிவித்தது ஏடன்று, வானமே. நந்திக்கடலின் மேல் முழுமதி எழும் இரவில், அடியவர் விளக்கை வணங்கியபின் ஒருமுறை தலைநிமிர்ந்து வடக்கே அருந்ததியையும் தெற்கே திரிசங்குவையும் தேடுவாராயின், அவ்வழிபாடு தன் முன்னை நிறைவை மீண்டும் பெறும்.